மாங்கா பந்து

அன்புப் பிள்ளைகளே, உடுமலையில் உங்களுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்தபோது என் முதல் விதி, முழங்கையை மடக்காதே. மடக்கினால் "மாங்கா!" என்று மரத்தடியில் உட்கார வைத்துவிடுவேன்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். முத்தையா முரளிதரன் எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோபால் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நீளாத கை அது. (அவர் தாத்தா நம் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்.) மடங்கிய கை தப்பில்லை, வீசும்போது அது நிமிர்வதுதான் தப்பு. அளந்து பார்த்தால் பேர்பெற்ற பலருக்கும் கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. 2005இல் ஐசிசி எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதித்தது. முரளி 2010இல் 800 விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து விடைபெற்றார்.

நான் உட்கார வைத்த ஒரு நாலாம் வகுப்புப் பையனுக்குக் கை ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. பிறகுதான் தெரிந்தது. இதைப் படிச்சா ஒரு வரி எழுது, கண்ணு.