தேய்ந்த குழலின் மறுபிறவி

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தேசிய மாணவர் படையில் பயின்றோர் 'பாயிண்ட் டூ டூ' என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் துப்பாக்கியின் வரலாறு சிக்கனத்தின் வரலாறு.

லீ-என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் .303 தோட்டா பயிற்சிக்கு விலை மிகுந்தது. நெடிய களமும் கேட்பது. பிரிட்டிஷார் கண்ட வழி எளியது. தேய்ந்த குழலை அகலத் துளையிட்டு, உட்புரிகள் கொண்ட .22 அங்குல எஃகுக் குழாயை உள்ளே செருகினர். பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் இதில் பேர்பெற்றது. .22 தோட்டா விளிம்பில் அடிபட்டாலே வெடிக்கும். ஆகவே போல்ட்டின் தலையும் ஊசியும் மாறின. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டும். ஆயினும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் பழக்கம் போர்த் துப்பாக்கிக்குரியதாகவே நின்றது.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்தால் கட்டியது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. 1917இல் பல்கலைக்கழகப் படையும், விடுதலைக்குப் பின் 1948இல் தேசிய மாணவர் படையும் அமைந்த பிறகே, நடுத்தரக் குடும்பத்து மாணவர் பலர் ரைபிளைத் தொட்டனர். 25 கெஜ தூரத்தில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஐந்து குண்டுகளை ஒரு சிறு வட்டத்துள் சேர்க்கப் பழகினர்.

ஆளப்பட்டோர்க்கு மறுக்கப்பட்ட கருவி, ஆண்டோர் மிச்சம் பிடித்த வடிவிலேயே அவர்தம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. வரலாற்றின் இந்த முரணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.