வரதட்சணை மரணம்

மணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ வேறு இயல்பல்லாத வகையிலோ இறந்து, அதற்குச் சற்று முன்பு கணவனோ அவன் உறவினரோ வரதட்சணை கேட்டு அவளைக் கொடுமைப்படுத்தியிருந்தால், இந்தியச் சட்டம் அதை வரதட்சணை மரணமாகக் கொள்கிறது. கொலை, தற்கொலை இரண்டும் இதில் அடங்கும்.

வரதட்சணையைப் பழைய வழக்கத்தின் எச்சம் என்பது பாதி உண்மைகூட அல்ல. தமிழகத்தின் பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். ஆண்களுக்குப் படிப்பும் மாதச் சம்பளமும் வந்த இருபதாம் நூற்றாண்டில் பணம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கியது. பஞ்சாபை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் வீணா தல்வார் ஓல்டன்பர்க், பிரிட்டிஷ் ஆட்சி நிலவரியையும் நிலவுரிமையையும் மாற்றியதில் இதன் வேரைக் காண்கிறார். 1914இல் கல்கத்தாவில் ஸ்னேகலதா என்னும் சிறுமி, தன் திருமணச் செலவுக்காகத் தந்தை வீட்டை இழப்பதைப் பொறாமல் தீக்குளித்தாள்.

1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதோடு கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் அன்பளிப்புக்கு இடம் விட்டது. நகையும் பாத்திரமும் 'மனமுவந்து செய்த சீர்' ஆயின. எழுபதுகளின் இறுதியில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்பது நாளிதழ்களின் வாடிக்கைச் செய்தி. மாமியாரை விட்டு மருமகளை மட்டும் ஸ்டவ் தேடி வெடிப்பது ஏன் என்று பெண்கள் கேட்டார்கள். 1979இல் டெல்லியில் தொடங்கிய போராட்டங்களின் பயனாக இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983இல் கணவன் வீட்டாரின் கொடுமைக்கு எதிரான 498ஏ பிரிவும் 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் வந்தன. பின்னதற்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை.

சாவுக்குப் பேராசையைக் காரணம் சொல்லி முடிப்பது எளிது. கேட்பது திருமணத்தோடு நிற்பதில்லை: தலைதீபாவளி, வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்து, கணவன் தொழில் தொடங்க முதல் என்று நீள்கிறது. அடிபட்டுத் தாய்வீடு வந்தவளிடம் 'அனுசரித்துப் போ' என்கிறார்கள். தங்கிவிட்டால் வாழாவெட்டி என்ற பேர், தங்கைக்கு வரன் அமையாது என்ற பயம். பஞ்சாயத்துப் பேசித் திருப்பி அனுப்பப்பட்ட பிறகே பல சாவுகள் நேர்கின்றன. கேட்கும் வீட்டைப் போலவே, திரும்பி வர முடியாத பிறந்த வீடும் இச்சாவுகளின் காரணம். சட்டத்தின் கண் முன்னதோடு நின்றுவிடுகிறது.

படிப்பு மட்டும் இதைத் தடுக்கவில்லை. எழுத்தறிவில் முன்னிற்கும் கேரளமும் தப்பவில்லை. அங்கு சொத்துரிமையும் பெண்ணுக்குக் கைகொடுக்கவில்லை: திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதையே தந்தது. ஸ்திரீதனம் என்ற பெயரில் வரதட்சணை வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. அச்சமூகத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2012இல் 8,233 வரதட்சணை மரணங்களைப் பதிவு செய்தது. 2023 வரையிலும் எண்ணிக்கை ஆறாயிரத்துக்குக் குறையவில்லை. உத்தரப் பிரதேசமும் பீகாரும் முன்னிற்கின்றன. சொத்துரிமைச் சட்டம் மாறிவிட்டது: கூட்டுக்குடும்பச் சொத்தில் இந்து மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் கிடைத்தது. ஆயினும் 'நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்' என்ற பேச்சில், அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரும் பெண்கள் இன்றும் பலர்.