இலைவழி ஊட்டம் பிறந்த கதை

தக்காளிச் செடியில் பஞ்சகவ்யாவையோ மீன் அமிலத்தையோ தெளிப்பது இன்று மாடித்தோட்டக்காரர்களுக்கும் பழகிய வேலை. வேரால் உண்ணும் செடிக்கு இலை வழியாகவும் ஊட்டலாம் என்பது தெரியவந்ததற்கு, நோயுற்ற சில செடிகள்தான் காரணம்.

1840களில் பிரான்சில் யூசேப் கிரி என்பவர், இலை வெளுத்து மஞ்சளாகிப்போன செடிகளை ஆராய்ந்தார். இரும்பு உப்புக் கரைசலை இலையில் தடவினார். தடவிய இடம் பச்சையானது. குறை இரும்புச்சத்தில்தான் இருந்தது என்பதும், இலை அதை நேராக ஏற்கும் என்பதும் ஒருசேரத் தெளிவாயின.

அடுத்த கட்டம் ஹவாய்த் தீவுகளின் அன்னாசித் தோட்டங்கள். அங்கே மண்ணில் இரும்பு இருந்தும், மாங்கனீசு மிகுந்திருந்ததால் பயிருக்கு அது கிட்டவில்லை. 1916இல் மேக்ஸ்வெல் ஜான்சன் இரும்பு சல்பேட் கரைசலைத் தெளித்துப் பயிரை மீட்டார். மண் தர மறுத்ததை இலை வாங்கிக்கொண்டது.

உள்ளே போன சத்து எங்கே போகிறது? அதைக் கண்டவர்கள் 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வு செய்த டூக்கியும் விட்வரும். அணு உலையில் உருவான கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் இட்டு, கருவியால் அதன் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். அது தண்டுக்கும் வேருக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னர் விட்வரும் அவரோடு ஆய்ந்த புகோவாக்கும் இன்னொன்றையும் காட்டினார்கள்: பாஸ்பரஸும் பொட்டாசியமும் இலையிலிருந்து நன்றாக நகரும், இரும்பும் துத்தநாகமும் ஓரளவே நகரும், சுண்ணாம்புச்சத்து விழுந்த இலையிலேயே தங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த முறைக்கு இயற்கை வழி கொடுத்தவர் ஒரு மருத்துவர். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியைச் சேர்ந்த டாக்டர் கே. நடராஜன், கோயில் அபிஷேகத்திலும் சித்த, ஆயுர்வேத மருத்துவத்திலும் இருந்த பஞ்சகவ்யத்தை 1990களின் பிற்பகுதியில் பயிருக்கு ஏற்றதாக மாற்றி அமைத்தார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தோடு வெல்லம், இளநீர், பூவன் பழம் சேர்த்து, நாள்தோறும் கலக்கி நொதிக்க வைத்தார். ஏறத்தாழ 30 நாளில் கரைசல் தயாராகிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதை ஆராய்ந்து, 3 சதவீதக் கரைசலைப் பரிந்துரைத்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பயிற்சிகள் இதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. கடையில் வாங்கித்தான் ஊட்டவேண்டும் என்ற நிலை மாறி, தொழுவமே உரக்கூடம் ஆனது. சிறு விவசாயிக்கு இது பெரிய விடுதலை.

தக்காளிக்குத் தெளிப்பவர்கள் 10 லிட்டர் டேங்கில் 300 மில்லி கலந்தால் போதும். துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஈரம் காயும்வரைதான் இலை உறிஞ்சும் என்பதால், வெயில் ஏறுமுன் காலையிலோ வெயில் தாழ்ந்த மாலையிலோ தெளிக்க வேண்டும். இலைத்துளைகள் மிகுந்த அடிப்புறமும் நனைய வேண்டும். பூக்கும் முன் 15 நாளுக்கு ஒருமுறை, பூத்துக் காய்க்கையில் 10 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசல் என்பதால், பறிக்கப்போகும் பழத்தின்மேல் மட்டும் படக்கூடாது.

ஆனாலும், காயின் அடி கறுத்து அழுகினால் இலைத்தெளிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து சேராத கோளாறு. இலையில் விழும் சுண்ணாம்பு காய்க்குப் போகாது. வேர் இழுக்கும் நீரோடுதான் அது போகும். அங்கே தீர்வு சீரான பாசனமும் மூடாக்கும்தான்.

இலைவழி ஊட்டம் மருந்தாகப் பிறந்தது. குறை கண்ட இடத்தில், குறைந்த அளவில், விரைந்து கொடுப்பதே அதன் பலம். தழை, மணி, சாம்பல் சத்துகளின் பெரும்பங்கைச் செடி வேர் வழியாகவே பெறுகிறது. இலை கொள்வது மிகச் சிறிது. ஆகவே தொழுவுரமும் மண்புழு உரமும் இட்டு மண்ணை வளமாக்குங்கள். அதன்பின் தெளிப்பானைத் தோளில் மாட்டுங்கள்.