காப்பி பூல் முறை

தென்னிந்தியாவில் விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியமே பெற்று, ஒன்றாகத் திரட்டி விற்ற ஏற்பாடு. தோட்டக்காரர்கள் பேச்சில் ‘பூல்’. 1940 முதல் 1996 வரை நடந்தது. ஏற்காடு, தாண்டிக்குடி, கூடலூர் மலைகளின் சிறு விவசாயிகள் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் காப்பித்தூள் அரைத்து விற்றவர்களும் இதற்குக் கட்டுப்பட்டே இருந்தனர்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையை மூடியதும் சரக்கு தேங்கியது. தோட்டங்களைக் காப்பாற்ற 1940இல் அவசரச் சட்டமும் 1942இல் காப்பிச் சட்டமும் வந்தன. போர் முடிந்தது; பூல் முடியவில்லை. காய் பறித்தவர் அதைப் பூலில் ஒப்படைக்க வேண்டும், வெளியே விற்றால் குற்றம். தரத்துக்கேற்பப் புள்ளி போட்டு, அதை வைத்தே பணம் கணக்கிடுவார்கள். முதலில் ஒரு முன்பணம் வரும். மீதி, சரக்கு விற்க விற்கத் தவணையாக வரும். கணக்கு முடிவதற்குள் அடுத்த அறுவடை வந்துவிடுவதும் உண்டு. விலை இறங்கிய ஆண்டுகளில் இது சிறு விவசாயிக்கு அரணாக இருந்தது. ஏறிய ஆண்டுகளில் எரிச்சல்தான்.

வாரியம் நடத்திய ஏலம் இரண்டு: ஒன்று ஏற்றுமதிக்கு, மற்றது உள்நாட்டுக்கு. வெளிநாட்டில் விலை ஏறியபோதும் உள்நாட்டு ஏலம் அந்த அளவுக்கு ஏறியதில்லை. பீபெரி, பிளாண்டேஷன் ஏ தரக் கொட்டைகளைக் கலந்து வாங்கிப்போன சென்னைக் குடும்பங்களுக்கு மலைத் தோட்டக்காரர்தான் மானியம் கொடுத்துவந்தார் என்று சொல்லலாம். அந்த மானியம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெற்றதில்லை.

1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு கைவிடப்பட்டு உலக விலை சரிந்தது. ரூபாயில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியமும் 1991இல் கலைந்தது. பூலைத் தாங்கிய இரண்டு தூண்களும் போயின. 1992இல் விளைச்சலில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் தாங்களே விற்கத் தோட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு 50 விழுக்காடு வரை தடையில்லை. பிறகு 10 ஹெக்டேருக்குட்பட்ட சிறு விவசாயிகள் முழுவதுமாக விடுவிக்கப்பட்டனர். 1996 செப்டம்பரில் எல்லோருக்கும் விடுதலை. 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை எகிறியிருந்ததால் அப்போது யாரும் பூலுக்காக அழவில்லை.

அழும் காலம் விரைவில் வந்தது. வியட்நாம் ரொபஸ்டா சந்தையை நிரப்ப, 2001இல் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. கடனிலிருந்து மீளாத தோட்டங்களுக்காக அரசு கடன் சீரமைப்பையும், 2003இல் விலை நிலைப்படுத்தும் நிதியையும், 2010இல் கடன் நிவாரணத் தொகுப்பையும் கொண்டுவந்தது. வாங்குபவராக இருந்த வாரியம் மானியம் தருபவராக மாறியது: மறுநடவு, நீர்த்தொட்டி, உலர்களம், பழத்தோல் நீக்கும் பல்ப்பர் எந்திரம். ஆனால் மானியம் விலை சரிவதைத் தடுப்பதில்லை. கீழ்ப்பழனி மலைச் சிறு தோட்டங்களைத் தாங்குவதில், நிழல் மரத்தில் ஏற்றிய மிளகுக்கும் ஊடே நட்ட மலைவாழைக்கும் பெரும் பங்குண்டு.

2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. சென்னையில் தூள் விலையும் உடனே ஏறியது; இப்போது அதைத் தடுத்து நிறுத்த நடுவே பூல் இல்லை. அந்த ஏற்றத்தின் பலன், சரக்கை வைத்திருந்து விற்க முடிந்தவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. அறுவடைக் கூலிக்காகச் செர்ரியை (தோல் நீக்காத காப்பிப் பழத்தை) களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிடும் சிறு விவசாயிக்கு, போட்ட அன்றைய விலைதான்.