சவிசேஷம்: மூலைவிட்டத்தில் எஞ்சியது

1931ஆம் ஆண்டு மைசூர்ப் பல்கலைக்கழகம் ஆபஸ்தம்ப சுல்பசூத்திரத்தை கபர்தி, கரவிந்தர், சுந்தரராஜர் என்னும் மூவரின் உரைகளோடு வெளியிட்டது. பதிப்பாசிரியர்கள் டி. சீனிவாசாச்சார், எஸ். நரசிம்மாச்சார். அக்ரஹாரம் என்று ஒரு பகுதிக்கே பெயர் வழங்கும் அந்நகரில், வேள்வி மேடைக்கான கயிற்றுக் கணக்கு அச்சேறியது இயல்பே. ஆனால் அந்நூல் எழுப்பும் கேள்வி மைசூரோடு நிற்பதன்று: விகிதமுறா எண்களை இந்தியர் அறிந்திருந்தனரா?

கிரேக்கரின் நிலை ஓரளவு தெளிவானது. உண்மையை வெளியிட்ட ஹிப்பாசஸ் கடலில் மூழ்கி இறந்தார் என்னும் கதை பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தையது. வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்வதற்கில்லை. பிளேட்டோவின் தியேட்டிட்டஸ் உரையாடலில் தியோடரஸ் 3 முதல் 17 வரையிலான பரப்புகளின் பக்கங்களை ஆராய்வதும், மூலைவிட்டம் பக்கத்தோடு பொது அளவு கொண்டதாயின் ஒற்றையும் இரட்டையும் ஒன்றாகிவிடும் என்று அரிஸ்டாட்டில் சுட்டுவதுமே உறுதியான சான்றுகள். அவர்கள் அதற்கு இட்ட பெயர்களுள் ஒன்றான ‘அலோகோஸ்’, ‘விகிதமற்றது’ என்றும் ‘சொல்லற்றது’ என்றும் பொருள்படும்.

சுல்பசூத்திரங்கள் தந்த பெயர் ‘சவிசேஷம்’. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அப்பங்கின் நான்கில் ஒன்றையும் சேர்த்து, கடைசியாகச் சேர்த்ததில் 34இல் ஒரு பங்கைக் கழித்தால் மூலைவிட்டம் கிடைக்கும் என்பது விதி. விடை 577/408. பௌதாயனரின் அளவையில் ஓர் அங்குலம் 34 எள். ஆகவே 12 அங்குலப் பக்கம் 408 எள், அதன் மூலைவிட்டம் 577 எள். பிழை ஓர் எள்ளின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. 408இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. 577இன் வர்க்கம் 332929. அந்த ஒன்று ஒருபோதும் மறையாது. ‘விசேஷத்தோடு கூடியது’ என்னும் பெயர் இந்த மிகுதியைக் குறிக்கிறது என்று கொள்வோர் உண்டு. அவ்வாறே கொண்டாலும், மிகுதி உண்டென அறிதல் வேறு, அதை நீக்கவே இயலாதென நிறுவுதல் வேறு.

மொழியியலாளருக்குச் சுவையான இடம் வட்டத்தைச் சதுரமாக்கும் விதி. விட்டத்தை 15 கூறாக்கி இரண்டை நீக்கினால் எஞ்சுவது சதுரத்தின் பக்கம். இதன்படி பை ஏறத்தாழ 3.004. விதியை முடிக்கையில் ஆபஸ்தம்பர் இடும் சொல் ‘ஸாநித்யா’. ‘ஸா நித்யா’ எனப் பிரித்தால் ‘அது நிலையானது’. ‘ஸா அநித்யா’ எனப் பிரித்தால் ‘அது நிலையற்றது’, அதாவது தோராயம். சந்தி இரண்டிற்கும் இடம் தருகிறது; சுவடி சொற்களைப் பிரித்து எழுதுவதில்லை. இரு பிரிப்புகளுக்கும் ஆதரவாளர் உண்டு. பழம்பெருமை பேசுவோர் இரண்டாவதையே எடுத்துக்கொண்டு ஆபஸ்தம்பரை விகிதமுறா எண்ணின் கண்டுபிடிப்பாளர் ஆக்குவது, ஒரு குறுகிய அகரத்தின்மேல் மாளிகை எழுப்புவதாகும்.

ஐயத்திற்கிடமற்ற கூற்று மிகப் பிந்தியே வருகிறது, அதுவும் கேரளத்தில். 499ஐ ஒட்டி எழுதிய ஆரியபடர், 20000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62832 என்று கூறி, அதை ‘ஆசன்னம்’, அதாவது அண்மையானது என்றார். உண்மை அளவை விட்டு ஏன் அண்மையானதைச் சொன்னார் என்று ஆரியபடீய உரையில் நீலகண்ட சோமயாஜி கேட்கிறார். எந்த அளவால் விட்டம் மீதியின்றி அளக்கப்படுகிறதோ, அதே அளவால் சுற்றளவை அளந்தால் மீதி விழும். அளவை எவ்வளவு சிறிதாக்கினாலும் மீதி சிறுக்குமேயன்றி அற்றுப்போகாது என்பது அவர் விடை. நிறுவல் அங்கில்லை, பைக்கு அதை லாம்பர்ட் 1761இல் அளித்தார்.