ஆதிக் குடும்பங்களின் மணமுறை

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பல சமயத்துப் பிள்ளைகள் அருகருகே வாழ்ந்து கல்வி பயில்கின்றனர். அவர்களுள் ஆதியாகமத்தைப் படிக்கும் பிள்ளை, “காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்?” என்று ஒருநாள் கேட்டே தீரும். ஆதாமும் ஏவாளுமே முதற்பெற்றோராயின், அவர்தம் மக்கள் தமக்குள்ளே மணந்திருத்தல் வேண்டும். இன்று பெருங்குற்றமாகக் கருதப்படும் செயல் அன்று எவ்வாறு பொருந்திற்று? இதனை ஆராய நமது மலைநாடே ஓர் உதாரணம் தருகின்றது.

கண்டிக்குத் தெற்கே உயர்ந்து நிற்பது சிவனொளிபாதமலை. முஸ்லிம்களும் கிறிஸ்தவருட் பலரும் அதனை ஆதாமின் மலை என்பர். கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுந்த மகாவம்சம் அம்மலையைப் பற்றி வேறொரு கதை கூறுகின்றது. விஜயனாற் கைவிடப்பட்ட குவேனி கொலையுண்டபின், அவளுடைய மகனும் மகளும் தப்பியோடி அம்மலையை அடைந்தனர். வளர்ந்தபின் தமையன் தங்கையை மணந்தான். அவர்கள் வழிவந்தோரே மலைநாட்டுப் புளிந்தர் என்பது அந்நூலின் கூற்று.

இதனைக் கொண்டு மலைவாசிகளை இழிவாக எண்ணுதல் தகாது. விஜயனின் தந்தையாகிய சிங்கபாகுவும் உடன்பிறந்த சிங்கசீவலியையே பட்டத்தரசி ஆக்கினான் என்று அதே நூல் கூறுகின்றது. புத்தர் பிறந்த சாக்கிய குலத்தின் முன்னோரும், குலக்கலப்புக்கு அஞ்சித் தம் சகோதரியரை மணந்தனர் என்பது பௌத்த மரபு. அரச குலத்திற்குப் பெருமையாகிய செயல் காட்டுக் குடிக்கு மட்டும் சிறுமையாகுமோ? ஒரு குலத்தின் தொடக்கத்தை ஒரே குடும்பத்தில் வைத்துச் சொல்லுதல் பழைய வரலாறுகளின் இயல்பு. அது பின்வந்தோருக்கு விதித்த ஒழுக்கம் அன்று.

விவிலியமே இதற்குச் சான்று. ஆபிரகாமின் மனைவி சாராள் அவருடைய தந்தைக்குப் பிறந்த மகள்; தாய் மட்டும் வேறு. மோசேயின் தந்தை அம்ராம் தம் அத்தையை மணந்தவர். ஆயினும் மோசேயின் பெயரால் வழங்கும் லேவியராகமம் இவ்விரு மணங்களையும் விலக்குகின்றது. ஆதமின் மக்கள் இரட்டையராகப் பிறந்தனர் என்றும், ஒரு சூலில் பிறந்த ஆண் மறு சூலில் பிறந்த பெண்ணையே மணந்தான் என்றும் இஸ்லாமிய மரபில் ஒரு செய்தி உண்டு. கதை கூறியோரும் ஓர் இடைவெளியை நாடினர் என்பது இதனால் விளங்கும்.

இனி, மரபணு அறிவியல் கூறுவது யாது? நம்மில் ஒவ்வொருவரும் கேடு பயக்கும் சில மரபணுக்களை மறைவாகத் தாங்கியிருக்கிறோம். தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் ஒரே கேடு வந்து சேருமாயின் நோய் வெளிப்படும். உடன்பிறந்தோருக்குப் பிறக்கும் பிள்ளையிடம் மரபணுக்களில் 4இல் 1 பங்கு இவ்வாறு ஒத்திருக்க இடமுண்டு. மைத்துன உறவினர் மணத்தில் அது 16இல் 1 பங்கு. மேலும், மனித குலம் ஒரே தம்பதியரிடமிருந்து மட்டும் பெருகியது என்பதை அவ்வறிவியல் ஏற்பதில்லை. நம் மூதாதையர் பல்லாயிரவராக வாழ்ந்தனர் என்றே அது கணிக்கின்றது.

எனினும், ஒழுக்கம் மரபணுக் கணக்கினால் மட்டும் அமைவதன்று. தமிழரும் கண்டிச் சிங்களவரும் மாமன் மகளை மணக்கத்தக்கவளாகவும், சிற்றப்பன் மகளைத் தங்கையாகவும் கொள்வர். அறிவியற் கணக்கில் இவ்விருவரும் சம தூரத்தினரே. ஒரே வீட்டில் வளர்வோரிடையே அச்சமற்ற அன்பு நிலவவேண்டும் என்பதே உடன்பிறந்தார் மணத்தை விலக்கும் நெறியின் உயிர்நிலை. பிள்ளைப்பேறு இல்லாவிடினும் அவ்விலக்கு நீங்காது.

மணமுறைகள் காலத்தோடு மாறுவதையும் கண்டி கண்டிருக்கின்றது. சகோதரர் இருவர் ஒரே மனைவியோடு வாழ்ந்த வழக்கத்தை, 1660 முதல் 1679 வரை இங்கு சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ் குறித்துள்ளார். 1859ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை விலக்கிற்று.

ஆகவே, வினவும் பிள்ளையை அதட்டி அடக்க வேண்டா. முன்னோர் தம் தோற்றத்தைக் கூறிய கதை வேறு, அவர்கள் வகுத்த நெறி வேறு, இயற்கையை அளக்கும் அறிவியல் வேறு என்று பொறுமையுடன் விளக்குவோமாயின், அப்பிள்ளை தன் வேதத்தையும் மதிக்கும். அயலான் குலத்தையும் இகழாது.