அரசுக் கண்காணிப்பும் தனியுரிமையும் (தமிழ்நாடு)

அரசுக் கண்காணிப்பு என்பது நாட்டுப் பாதுகாப்புக்காகவோ குற்றத் தடுப்புக்காகவோ அரசு அமைப்புகள் மக்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் கவனித்துப் பதிவுசெய்வதாகும். அது தனியுரிமையோடு மோதும்போது எல்லை எது என்பதை வகுத்த தீர்ப்புகளில் சில தமிழ்நாட்டு வழக்குகளில் பிறந்தவை.

சட்டப் பின்னணி

மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததில் எழுந்த வழக்கில், தனியுரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பொது நெருக்கடியிலோ பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ மட்டுமே ஒட்டுக்கேட்க இடமளித்தது. அதற்கான நடைமுறைக் காப்புகளை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2007-இல் அவை தந்தி விதிகளின் 419-ஏ விதியாயின. இவ்விதிப்படி உள்துறைச் செயலரின் ஆணை 60 நாள் செல்லுபடியானது. நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஆணையின் நகல் ஏழு வேலை நாட்களுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமையில் தலையிடும் அரசுக்குச் சட்ட அடிப்படை, முறையான நோக்கம், அளவு மீறாமை ஆகிய மூன்றும் வேண்டும் என்றனர்.

2025 சென்னைத் தீர்ப்பு

எவரான் எஜுகேஷன் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய தொலைபேசியை, வருமான வரி அதிகாரி தொடர்பான லஞ்சப் புகாரில் சிபிஐ ஒட்டுக்கேட்க, 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை அனுமதித்தது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவது பொதுப் பாதுகாப்பு ஆகாது; பதிவுகள் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவும் இல்லை என்பவை காரணங்கள். அந்த உரையாடல்களைப் பயன்படுத்தவும் தடை விதித்தார். சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு கருத்தைக் கூறியிருந்தது.

பருத்திப்பட்டும் ஆவடியும்

பாதுகாப்புக்கும் தனியுரிமைக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு ஓர் எடுத்துக்காட்டு சென்னையை அடுத்த பருத்திப்பட்டு. ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த அது, 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகன ஆய்வு நிறுவனம், விமானப்படைத் தளம் ஆகியவை அமைந்த வட்டாரம் இது. பாதுகாப்பின் தேவை இங்கே வெளிப்படை. அதே வட்டாரத்தில் ஏரிக்கரைப் பூங்காவுக்கு நடக்க வருபவர்களும் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும் வாழ்கிறார்கள். கண்காணிப்பு தொலைபேசியோடு நிற்பதில்லை: தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அம்மென்பொருளின் இணையதளத்துக்குள் வெளியார் ஊடுருவிய செய்தி 2024-இல் வெளியானது.

இன்றைய நிலை

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகள் 419-ஏ விதியின் இடத்தைப் பிடித்தன. மறுஆய்வுக் குழுவில் இன்றும் அரசுச் செயலர்களே இருக்கிறார்கள், நீதிபதி இல்லை. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. தொலைபேசிக்கு உள்ள ஒப்புதல், காலவரம்பு, மறுஆய்வு ஆகிய மூன்றையும் முக அடையாள மென்பொருளுக்கு விதிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.